மெடிக்கல் ட்யூப், போன் டாக்டர், பெரியாஸ்பத்திரி: தோல் அரிப்புக்கு எங்கே போவது?

சம்பா நடவு தொடங்கினால் எங்கள் தெருவில் அரிப்பும் தொடங்கிவிடும். நடவுக்குப் போகிற பெண்களுக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். இடுப்பில் பாவாடை நாடா இறுகுகிற இடத்தில் படர்தாமரை. மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, காயாத துணியால் படர்தாமரை வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குப் பரவும். தை மாத அறுவடையில் நெல் சுணை. வருடம் முழுக்க யாராவது ஒருவர் சொறிந்துகொண்டே இருக்கிற ஊர் இது. வலங்கைமானுக்குப் பக்கம்.

இப்படி வரும்போது எங்களுக்கு முன்னால் இருக்கிற வழிகள் நான்கு. மெடிக்கலில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கலாம். போனில் வீடியோ கால் போட்டு டாக்டரைப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். இல்லையென்றால் கும்பகோணம், தஞ்சாவூர் என்று பஸ் ஏறலாம். கடந்த இரண்டு வருடத்தில் வீட்டு ஆட்களுக்காக நான்கையுமே பார்த்துவிட்டேன். ஆன்லைன் டாக்டர் நல்லதா கெட்டதா என்று பேசுகிறவர்கள் அதை ஆஸ்பத்திரியோடுதான் ஒப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு உண்மையான போட்டி மெடிக்கல் ட்யூப்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எப்படியும் போய்விடுவார். போகாமல் ட்யூபிலேயே காலத்தை ஓட்டுகிறவருக்குத்தான் இந்த ஒப்பீடு தேவைப்படுகிறது.

என் சித்தி இடுப்பில் வந்த அரிப்புக்கு அப்படித்தான் ஓட்டினார்.

"என்ன சித்தி, டாக்டர்ட்ட காமிச்சீங்களா?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கியாந்தேம்ப்பா. போட்ட ரெண்டாம் நாளே கேட்டுருச்சு. நிறுத்துனா திரும்ப வருது, அவ்வளவுதான்."

அந்த ட்யூபை வாங்கி, பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். குளோபிட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன். ஒரே களிம்பில் நான்கு மருந்து. கடைசியில் இருக்கிற டெர்பினஃபைன்தான் படர்தாமரையை உண்டாக்குகிற பூஞ்சைக்கு ஆனது. முதலில் இருக்கிற குளோபிட்டசால், தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. அரிப்பை அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான். கூடவே அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் அது அடக்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அரிப்பு நின்றதும் 'கேட்டுருச்சு' என்று நிறுத்துகிறோம், பத்து நாளில் இன்னும் அகலமாகத் திரும்பி வருகிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து வரி விழும். முகத்தில் போட்டவர்களுக்குப் பருவும் எரிச்சலும் வந்து, அதை நிறுத்தவே முடியாத நிலை ஆகிவிடுகிறது. இந்த ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இல் இறுக்கியது. ஆனாலும் கவுண்டரில் கேட்டால் கிடைக்கிறது.

மெடிக்கல்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஊரில் திறந்திருப்பது அவர் கடை மட்டும்தான், வருகிறவர் சொறிந்துகொண்டே நிற்கிறார். என் கோபம் எல்லாம் அந்த நான்கு மருந்து ட்யூப்மேல்தான். செலவும் நேரமும் குறைவு என்று அதற்கு மதிப்பெண் போட்டால், சித்திக்கு மூன்று மாதத்தில் ஆறு ட்யூப் ஆனதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, போன் டாக்டருக்கு வருவோம். ஒரு ஆப் வழியாகத் தோல் டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினேன், 400 ரூபாய். முதல் சிக்கல் நான் எதிர்பார்க்காதது: போனை யார் பிடிப்பது? இடுப்பைக் காட்ட வேண்டும். நான் பிடிக்க முடியாது, சித்தி தானாகப் பிடித்தால் படம் ஆடுகிறது. டாக்டரம்மாவே சொன்னார்: "கூச்சப்படாதீங்கம்மா, தம்பி வெளியில இருக்கட்டும். மருமக இருந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க." மருமகள் எடுத்து அனுப்பினாள். மூன்று படமும் மங்கல். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்ததால் தோல் மஞ்சளாகத் தெரிந்தது, போதாததற்குப் போனே தோலை வழவழவென்று அழகுபடுத்தி வைத்திருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஆன்லைனில் பாதி வேலை இந்தப் படத்தில்தான் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் அல்லது திண்ணையில் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். ஒரு படம் தள்ளி நின்று, உடம்பில் எந்த இடம் என்று தெரிகிற மாதிரி. இன்னொரு படம் கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அளவு தெரிகிற மாதிரி. வாட்ஸாப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கித் தெளிவு போய்விடும். படம் எடுக்கிற அன்றைக்கு எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். "சிவந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். நம் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா கலந்தோ இருக்கும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று சொன்னால் அவருக்கு அதிகம் உதவும்.

சித்தி விஷயத்தில் படம் தெளிவான பிறகும் டாக்டரம்மா மருந்து எழுதவில்லை. படர்தாமரை என்றால் விளிம்பு வளையமாக எழும்பி, நடுவில் தெளிந்திருக்க வேண்டும். ட்யூப் போட்டுப் போட்டு அந்த வளையமே கலைந்துபோயிருந்தது. "இதைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்புல பாக்காம மாத்திரை எழுதுறது சரியில்லம்மா. ட்யூபை இன்னையோட நிறுத்துங்க, நேர்ல போய்க் காட்டுங்க" என்றார். 400 ரூபாய் வாங்கிக்கொண்டு மருந்தே கொடுக்கவில்லை என்று சித்திக்கு வருத்தம். எனக்கு அப்போதுதான் அந்த டாக்டர்மேல் நம்பிக்கை வந்தது. கேட்டதை எல்லாம் எழுதிக் கொடுக்கிற ஆன்லைன் டாக்டர், கொஞ்சம் விலை கூடிய மெடிக்கல் கவுண்டர்தான்.

இதற்கு விதியும் இருக்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகளின்படி, போனில் பார்க்கிற டாக்டர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும், நேரில் வரச் சொல்வதும் அவர் முடிவுதான். முதல் தடவையே குளோட்ரிமசோல், முபிரோசின், காலமைன் போன்ற தோல் மருந்துகளை எழுதலாம், ஆனால் வீடியோவில் பார்த்த பிறகு. ஆகவே முதல் முறையே வெறும் சாட்டில் நான்கு கேள்வி கேட்டுவிட்டு மருந்துச் சீட்டு அனுப்புகிற இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

காசு கொடுக்க முடியாது என்றால் இ-சஞ்சீவனி என்ற அரசின் ஆன்லைன் டாக்டர் சேவை இருக்கிறது. இலவசம். செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும், டோக்கன் விழும், வரிசையில் காத்திருந்தால் டாக்டர் வருவார். கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே பேசும் வசதி வந்தது. அதில் வருகிறவர் பொது மருத்துவராக இருக்கலாம், எப்போதும் தோல் டாக்டரே கிடைப்பார் என்று எண்ண வேண்டாம். சேற்றுப்புண், வேர்க்குரு, குழந்தைக்கு வருகிற சாதாரணச் சிரங்குக்கு அதுவே போதும். நர்ஸ் பக்கத்தில் இருந்துகொண்டு சுகாதார நிலையத்திலிருந்து வேறு டாக்டரோடு இணைக்கிற முறையும் இதில் உண்டு. போன் பிடிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதுதான் நல்லது, தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு கை அங்கே இருக்கிறது.

போன் டாக்டர் ஆஸ்பத்திரியையே ஜெயிக்கிற இடமும் உண்டு. அது காணாக்கடி. என் தம்பிக்கு விடியற்காலை நான்கு மணிக்கு உடம்பெல்லாம் தடித்துக்கொள்ளும், ஒன்பது மணிக்கு டாக்டர் முன்னால் உட்காரும்போது ஒரு தடிப்பும் இருக்காது. காணாக்கடியின் குணமே அதுதான், ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தடம் இல்லாமல் மறையும், வேறு இடத்தில் கிளம்பும். இரண்டு தடவை நேரில் போய் வெறும் தோலைக் காட்டிவிட்டு வந்தான். மூன்றாம் தடவை, தடித்த நேரத்திலேயே படம் எடுத்து வைத்து வீடியோவில் காட்டினான். கூடவே முதல் நாள் என்ன சாப்பிட்டான், என்ன மாத்திரை போட்டான் என்றும் எழுதி வைத்திருந்தான். பல்வலிக்குப் போட்ட வலி மாத்திரையைப் பார்த்ததும் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். அரிப்புக்குக் கொடுத்த மாத்திரை தூக்கம் வரவைக்கும், போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதே என்றும் சொன்னார். அதோடு சரியாயிற்று.

ஆனால் தடிப்போடு உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இறுகினால், தலை சுற்றினால் ஆப்பைத் திறக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். டோக்கன் எண் வரக் காத்திருக்கிற நேரம் அது இல்லை.

ஐப்பசி மழையில் இன்னொன்று வரும். நெல்வயலில் இருக்கிற, எறும்பு மாதிரி நீளமான, செம்மஞ்சளும் கறுப்புமான குட்டி வண்டு, விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். பயிரைக் கெடுக்கிற புகையான் பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சிதான், கடிக்கவும் கடிக்காது. ஆனால் கழுத்தில் ஊர்கிறதே என்று தேய்த்து நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்டு, ஒரு நாள் கழித்து நெருப்பால் கோடு இழுத்த மாதிரி கொப்புளம் வரும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வந்தபோது எல்லோரும் அக்கி என்றார்கள், செங்காவி கொண்டு அக்கி எழுத ஏற்பாடும் ஆயிற்று. நான் போனில் டாக்டரிடம் காட்டினேன். முழங்கை மடிப்பின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று அச்சு வைத்தது மாதிரி இருப்பதைப் பார்த்ததுமே பூச்சி என்று சொல்லிவிட்டார். நிஜ அக்கியாக இருந்தால்கூட வீடியோ கால் நல்லதே. அக்கிக்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது முக்கியம், திங்கட்கிழமை கும்பகோணம் போகலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த நேரம் கடந்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் உடனே நேரில்.

போனுக்குக் காட்டவே கூடாத ஒன்று உண்டு: அரிக்காத, வெளிறிய, உணர்ச்சி குறைந்த தேமல். படத்தில் அது சாதாரணத் தேமல் மாதிரியே இருக்கும். பஞ்சால் தொட்டுப் பார்த்தால்தான் உணர்ச்சி இருக்கிறதா என்று தெரியும், நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால்தான் அறிய முடியும். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசம், சீக்கிரம் பிடித்தால் முழுசாகக் குணமாகும். சிமெண்ட் வேலையாலோ பார்த்தீனியச் செடியாலோ வருகிற ஒவ்வாமையையும் நேரில்தான் காட்ட வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய முதுகில் ஒட்டிப் பார்க்கிற சோதனை இருக்கிறது, அதற்கு ஆள் போய்த்தான் ஆக வேண்டும்.

சித்தியைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போனோம். 1959-இல் தொடங்கிய கல்லூரி அது, டெல்டா முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். கும்பகோணம் வரை டவுன் பஸ்ஸில் சித்திக்கு டிக்கெட் இல்லை, அப்புறம் காசு. ஓ.பி. சீட்டு, வரிசை, தோல் பிரிவு. மழுங்கிய கத்தியால் விளிம்பைச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்தார்கள், பூஞ்சை என்று அன்றைக்கே உறுதியானது. கூடவே இரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை! அதுவரை யாருக்கும் தெரியாது. படர்தாமரை விடாமல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மூன்றரைக்கு வீடு திரும்பினோம். மருந்து இலவசம், ஒரு நாள் நடவுக் கூலி போயிற்று.

ஒவ்வொரு மாதமும் அப்படிப் போக முடியாது. அதனால் அடுத்த தடவைகளுக்கு அந்த டாக்டரம்மாவிடமே போனில் காட்டினோம், தஞ்சாவூர்ச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பி. அரிப்பு நின்ற பிறகும் வாரக்கணக்கில் மருந்து தொடர வேண்டும், விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம் தள்ளியும் தடவ வேண்டும், பாவாடை நன்றாகக் காய்ந்த பிறகே கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொன்னார். மருமகளுக்கும் முழங்கைக்கு மேலே ஒரு வளையம் இருப்பதை இரண்டாவது வீடியோ காலில்தான் பார்த்தார். இவளுக்கு ட்யூப் எதுவும் போட்டிருக்கவில்லை, வளையம் தெளிவாக இருந்தது, வீடியோவிலேயே மருந்து எழுதினார். ஐந்து வாரத்தில் போய்விட்டது.