650 ரூபாய் கூலி கொடுத்து மீட்ட டைமர்

போன சனிக்கிழமை மணிக்கூடு திருத்துகிறவரிடமிருந்து என் குசினி டைமரை மீட்டு வந்தேன். கூலி 650 ரூபாய். 2021இல் கொழும்பு புறக்கோட்டை நடைபாதைக் கடையில் அதை வாங்கியதே 400க்குத்தான். அம்மா சிரித்த சிரிப்பு வெள்ளவத்தை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். அன்று இரவே மச்சாளின் கோல். மகனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். "உன்ரை அந்த டிக் டிக் சாமானை இவனுக்கும் வாங்கிக் குடுக்கட்டோ?"

எனக்கும் ஏ.டி.எச்.டி. என்று தெரியவந்தது 33 வயதில். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதால் டொக்டர் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். அம்மா அலுமாரியிலிருந்து ஒரு கட்டாக எடுத்துப் போட்டார். தவணைக்குத் தவணை அதே வரி: கெட்டிக்காரன், கவனம் போதாது. அதற்குள் தண்ணீர் வற்றிக் கருகிய கேத்தல்கள் மூன்று. அதனால்தான் டைமர்.

போனில் டைமர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை வைக்கப் போனை எடுத்தால் கிரிக்கெட் ஸ்கோர், அப்புறம் யாரோ அனுப்பிய கல்யாண வீடியோ. முக்கால் மணி நேரம் போய்விடும். இதில் திருகுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போனபோதும், போன் செத்துக் கிடக்க, மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இது ஓடிக்கொண்டிருந்தது. டிக் டிக் சத்தம் முதல் மாதம் மண்டையைக் குடைந்தது உண்மை. ஆனால் கண்ட இடத்தில் வைத்துவிட்டுத் தேடுகிறவனுக்கு, சத்தம் போடும் சாமான் ஒரு வரம். ஒருமுறை அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்தேன்.

1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவக் குசினி டைமரை வைத்துத்தான் 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையைத் தொடங்கினார். அந்த முறைக்குப் பெயரே பொமோதோரோ, இத்தாலியனில் தக்காளி. எனக்கு 25 கட்டாது. இன்வொய்ஸ் வேலைக்கு 15தான். என் டைமரின் 15 எப்படியும் 17 நிமிடம் ஓடும். இந்த விலைக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். பத்துக்குக் குறைவாக வைப்பதென்றால் முதலில் பத்தைத் தாண்டித் திருகி, பிறகு பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மணி அடிக்காது. இதைக் கண்டுபிடித்தது நான்காவது கேத்தலில்.

இதெல்லாம் போகட்டும். நான்கு வருடத்துக்கு மேலாக என்னைக் கொல்வது வேறொன்று. மணி அடிக்கும், எதற்கென்று சொல்லாது. அடுப்பா, மோட்டரா, யாருக்காவது கோல் எடுப்பதா? குசினியில் போய் நின்று முழிப்பேன். துண்டுக் கடதாசியில் காரணத்தை எழுதி டைமரின் முதுகில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்ட மறந்துவிடுகிறேன். மறக்கிறவனுக்கான சாமான், மறக்காதவன் பாவித்தால்தான் வேலை செய்கிறது!

மாத்திரைக்குப் பதிலாக இது ஆகாது என்றும் மச்சாளிடம் சொன்னேன். நான் எடுக்கும் மாத்திரை, குறுகிய நேர மெதில்பெனிடேட், ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். பின்னேரத்தை இந்த டைமரோடுதான் இழுக்கிறேன். மகனுக்கு மருந்து வேண்டுமா என்பதை டொக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

"அப்ப வாங்கட்டோ?"

"வேண்டாம். சிவப்பு வட்டம் சத்தமில்லாமல் சுருங்குகிற டைமர் இருக்கு, அதை வாங்கு. மிச்ச நேரம் எவ்வளவு என்று பிள்ளைக்குக் கண்ணால் தெரியும்."

"நல்லதில்லை எண்டால் நீ ஏன் 650 குடுத்துத் திருத்தினாய்?"

பதில் சொல்வதற்குள் உள்ளே மணி அடித்தது. போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது, மோட்டர் நின்றிருந்தது, முதுகில் கடதாசி இல்லை. இன்றைக்கு வியாழன். அது எதற்கு அடித்தது என்று இன்னும் தெரியவில்லை.