மார்பு எக்ஸ்ரே பழக எது நல்ல வழி: ஸ்பாட்டர் படமா, ஏ-பி-சி-டி-இ வரிசையா, நார்மல் ஃபிலிமா?

மெடிசின் போஸ்டிங் (பொது மருத்துவ வார்டில் பயிற்சி) தொடங்கியதும் மார்பு எக்ஸ்ரே கற்க மாணவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்பாட்டர் படங்களை, அதாவது பார்த்ததும் நோயின் பெயரைச் சொல்லும்படி தேர்வில் வைக்கும் படங்களை, திரட்டி மனப்பாடம் செய்யலாம். ஏ, பி, சி, டி, இ (மூச்சுக்குழாய், நுரையீரல், இதயம், உதரவிதானம், மற்றவை) என்று வரிசை வைத்து ஒவ்வொரு ஃபிலிமையும் பார்க்கலாம். இல்லையென்றால் நோயே இல்லாத ஃபிலிம்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம்.

ஸ்பாட்டர் வழி ப்ராக்டிகல் தேர்வுக்கு உடனே கைகொடுக்கும். நேர்கோடாக நிற்கும் நீர்மட்டம் தெரிந்தால் ஹைட்ரோநியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றி நீரும் காற்றும் சேர்வது), இரு நுரையீரலிலும் தினை தூவினாற்போல் இருந்தால் மிலியரி டிபி என்று பெயர் சட்டென வரும். சிக்கல் வார்டில்தான் தெரியும். ஸ்பாட்டரில் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றிச் சேரும் நீர்) பாதி மார்பை வெள்ளையாக்கி நிற்கும். நின்றபடி எடுத்த ஃபிலிமில் காஸ்டோஃப்ரினிக் கோணம் (விலாவும் உதரவிதானமும் சேரும் மூலை) மழுங்கவே ஏறக்குறைய 200 மி.லி. நீர் வேண்டும், ஆரம்பக் கட்டத்தில் தெரிவது அந்த மழுங்கல் மட்டுமே. படுத்த நிலையில் எடுத்தாலோ நீர் முதுகுப்புறம் பரவி, அந்தப் பக்கம் முழுக்க லேசான மங்கல்தான் வரும், ரத்தக்குழாய்கள் அதனூடே தெரியும். எஃப்யூஷனின் வளைந்த மேல்விளிம்பை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதைக் கடந்து போய்விடுவார். இன்னொரு கேடு, ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தும் பழக்கம். வலப்பக்க எஃப்யூஷனைச் சொன்ன வாய், இடது நுரையீரல் உச்சியில் இருக்கும் குழியைச் சொல்லாது.

வரிசை வழி இந்த ஓட்டையைத் தான் அடைக்கிறது. எழுத்துகளுக்கு முன்பே பெயர், தேதி, பக்கக் குறி, பிஏவா (கதிர் முதுகிலிருந்து முன்னே வருவது) ஏபியா (முன்னிருந்து பின்னே போவது) என்று பார்க்க வேண்டும். பிஏ 180 செ.மீ. தூரத்திலிருந்து எடுப்பது, அதில் இதயத்தின் அகலம் மார்பின் உள் அகலத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். கட்டிலிலேயே எடுக்கும் ஏபியில் இதயம் பெரிதாகத் தெரியும், அதை வைத்து ‘கார்டியோமெகாலி’ (இதய வீக்கம்) என்று எழுதக் கூடாது. அடுத்து இரு காலர் எலும்பின் உள்முனைகளும் முள்ளெலும்பு நுனியிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா? நோயாளி திரும்பியிருந்தால் டிரக்கியா (மூச்சுக்குழாய்) நகர்ந்ததுபோலத் தோன்றும். முன்விலா 5 முதல் 7 வரை உதரவிதானத்துக்கு மேல் எண்ண முடியாவிட்டால் மூச்சு நன்றாக இழுக்கவில்லை என்று பொருள், அடிப்பகுதியில் தெரியும் வெண்மையை நம்பக் கூடாது.

பிறகு டிரக்கியா. ஒரு பக்கம் முழுவதும் வெள்ளையாக இருக்கும் ஃபிலிமில் விடையே அங்கேதான் இருக்கிறது: எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் நிறைய நீர், அதே பக்கம் இழுக்கப்பட்டிருந்தால் கொலாப்ஸ் (நுரையீரல் காற்றிழந்து சுருங்குவது). ஓரங்களும் நிழல் நுரையீரலின் எந்த லோப்பில் (மடலில்) என்று சொல்லும். வலது இதய ஓரம் மறைந்தால் மிடில் லோப், இடது ஓரம் மறைந்தால் லிங்குலா (இடது மேல் லோப்பின் கீழ்ப்பகுதி), உதரவிதானம் மறைந்தால் லோயர் லோப்.

இந்த வழிக்கும் குறை உண்டு. வாய் எழுத்துகளை ஒப்பிக்கும், கண் எதையும் பார்த்திருக்காது. ‘இ’ என்பது மிச்சமெல்லாவற்றுக்குமான மூலையாகிவிடும். அதனால் காலர் எலும்புக்கு மேலுள்ள உச்சி, ஹைலம் (ரத்தக்குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் இடம்), இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழ் என நான்கு இடங்களைத் தனியாகக் கடைசியில் ஒருமுறை பார்ப்பது கட்டாயம். இடது லோயர் லோப் சுருங்கினால் இதய நிழலுக்குள்ளேயே ஒரு முக்கோணமாக ஒளிந்திருக்கும், இதய ஓரம் ஒழுங்காகவே தெரியும்.

மூன்றாவது வழியை யாரும் விரும்புவதில்லை, சலிப்பூட்டும். ஆனால் மூன்றில் அதிகம் தேவைப்படுவது அதுதான். அறுவை சிகிச்சைக்கு முன் ஃபிட்னஸுக்காக எடுத்த ஃபிலிம்கள் எந்த ஆஸ்பத்திரியிலும் குவிந்திருக்கும். இடது ஹைலம் வலதைவிடச் சற்று உயரம், வலது உதரவிதானம் இடதைவிட உயரம் என்பதெல்லாம் படித்தால் மறக்கும், பார்த்தால் மறக்காது. நம் பக்கத்துப் பெண்களின் ஃபிலிமில் உச்சிப் பகுதியில் கோடுகோடாக ஒரு நிழல் வரும். பின்னலை மேலே தூக்கிக் கட்டாமல் எடுத்ததால் வருவது அது, கழுத்துக்கு மேலும் தொடர்கிறதா என்று பார்த்தால் பிடிபடும். தோல் மடிப்பும் ஏமாற்றும். நியூமோதோராக்ஸில் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வதில்) மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், அதற்கு வெளியே ரத்தக்குழாய் இருக்காது. தோல் மடிப்பில் கோடு இருக்காது, விளிம்பு மட்டும் இருக்கும், ரத்தக்குழாய்கள் அதைத் தாண்டியும் போகும்.

கொங்குப் பகுதியில் படிப்பவருக்கு இது இன்னும் முக்கியம். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்ப்பவர், வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது என்பார். பிசினோசிஸ் (பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்று சந்தேகிக்க வேண்டிய அவருடைய ஃபிலிம் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். ஸ்பாட்டர் மட்டும் பழகியவர் அதில் இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கல்குவாரித் தொழிலாளிக்கு மேல்பகுதியில் மணிகள் தெரிந்தால் மிலியரி என்று சொல்லுமுன் சிலிகோசிஸை (கல்தூசியால் வரும் நுரையீரல் நோயை) நினைக்க வேண்டும். மிலியரியின் 1 முதல் 3 மி.மீ. புள்ளிகள் மேலும் கீழும் ஒரே சீராகப் பரவியிருக்கும். பெருந்துறையில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் முன்பு டிபி சானடோரியமாக (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடமாக) இருந்தது. பழைய டிபி தழும்புள்ள நுரையீரல்கள் இங்கே வந்துகொண்டேதான் இருக்கும். மேலே இழுக்கப்பட்ட ஹைலம், சாய்ந்த டிரக்கியா எல்லாம் டிபி வந்து போனதைச் சொல்லும். நோய் இப்போதும் இருக்கிறதா என்பதை ஒற்றை ஃபிலிம் சொல்லாது. பழைய ஃபிலிமைக் கேட்டு வாங்கி அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், சளியையும் சோதிக்க வேண்டும்.

எதில் பார்ப்பது என்பதிலும் வேறுபாடு உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் படம் ஸ்பாட்டருக்குப் போதும், மெல்லிய நியூமோதோராக்ஸ் கோடும் மிலியரிப் புள்ளிகளும் அதில் காணாமல் போகலாம். வியூ பாக்ஸ் (ஃபிலிமுக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பெட்டி) என்றால் முதலில் இரண்டடி பின்வாங்கி இரு பக்கத்தையும் ஒப்பிட்டுவிட்டு, பிறகு நெருங்க வேண்டும். மானிட்டர் என்றால் பிரகாசத்தை மாற்றி மாற்றி இதயத்தின் பின்புறத்தைப் பார்க்கலாம், அந்த ஒரு வசதிக்காகவே அது மேல்.

ஆக, முதல் போஸ்டிங்கில் நாளொன்றுக்குப் பத்து ஃபிலிம், அதில் ஏழு நார்மலாக இருக்கட்டும். பத்தையும் வரிசைப்படி பார்க்கவும். ரிப்போர்ட்டைத் திறக்குமுன் நான்கு வரி சொந்தமாக எழுதவும்: எந்தப் பக்கம், எந்த இடம், என்ன நிழல், டிரக்கியா எங்கே. நோயின் பெயர் ஐந்தாவது வரியில் வரட்டும். ரிப்போர்ட்டில் இருந்து நீங்கள் விட்டது எந்த இடம் என்று குறித்துக்கொண்டால், ஒரு மாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பலருக்கு அது உச்சியாகவோ இதயத்தின் பின்புறமாகவோ இருக்கும். ஸ்பாட்டர் படங்களைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு எடுத்தால் போதும்.