திருப்பூரில் ஒரு கறுப்பு காரும் கட்டடத் தூசும்

இம்முறை சிங்கப்பூரிலிருந்து திருப்பூருக்கு வந்தபோது, மச்சானின் கறுப்பு பென்ஸ் கார் ஏறத்தாழச் சாம்பல் நிறமாகியிருந்தது. பக்கத்து மனையில் மாடி எழுப்புகிறார்கள். சிமெண்டும் எம்-சாண்டும் கிரானைட் அறுக்கும் தூளும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு போர்ட்டிகோவுக்குள் வந்து படிகின்றன.

இதைச் சாலைப் புழுதியோடு சேர்த்து எண்ணக்கூடாது. எம்-சாண்ட் என்பது உடைத்த கல், அதன் ஒவ்வொரு துகளுக்கும் கூர்முனை உண்டு. காரின் நிறத்துக்கு மேலுள்ள கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சோ பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். சிமெண்ட் தூள் பனி ஈரம் பட்டால் கடுங்காரமாகி, காய்ந்ததும் இறுகிவிடும். பானெட்டில் பனித்துளி நின்ற இடங்களிலெல்லாம் மிளகளவு சாம்பல் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலில் வீட்டருகே உள்ள வாட்டர் சர்வீஸுக்குப் போனோம். அங்கிருந்த பையன் குழாயைத் திறக்கும் முன்பே பனியன் வேஸ்ட்டைக் கையில் எடுத்து, "தூசியத் தட்டிட்டுத்தானுங்க தண்ணி அடிப்போம்" என்றான். லாரிக்கும் மொபெட்டுக்கும் அது போதும். இந்தத் தூசின் மீது உலர்துணி போட்டால் உப்புத்தாள் தேய்த்த கதைதான். நன்றி சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டோம்.

அவினாசி சாலையில் இருக்கும், காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்யும் ஒரு டீடெய்லிங் கடைக்காரர், "கை வெக்கறதுக்கு முன்னாலயே பாதி வேல முடிஞ்சிரோணுங்ணா" என்றார், சொன்னபடியே செய்தார். நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து கீழ்நோக்கித் தாராளமாகத் தண்ணீர் ஓடவிட்டு, வைப்பர் அடியிலும் ரப்பர் பீடிங் இடுக்குகளிலும் தேங்கிய மணலை முதலில் வெளியேற்றினார்கள். பிறகு நுரை அடித்து, அது காயும் முன்பே மறுபடியும் கழுவினார்கள். அதன் பின்னரே ஷாம்பு வாளி ஒன்று, கையுறையை அலசும் வாளி ஒன்று என வைத்துக்கொண்டு, வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், பகுதி பகுதியாகக் கழுவினார்கள்.

இறுகிய சிமெண்ட் புள்ளிகளைச் சுரண்டவில்லை. சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் அவற்றின் மேல் போட்டு, இளகியதும் கழுவி, தேவைப்பட்ட இடத்தில் மீண்டும் போட்டார்கள். டைல்ஸ் ஆசிட்டைப் பெயிண்ட்டின் பக்கமே கொண்டுவரவில்லை. கம்பி அறுத்தபோது தெறித்த இரும்புத்துகள்கள், அதற்கென உள்ள திரவம் பட்டதும் ஊதா நிறமாக வழிந்தன. எஞ்சிய சொரசொரப்பை, ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிக்கட்டியால், வழுவழுப்பான திரவம் தெளித்தபடி எடுத்தார்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும் என்பதால், கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீரையே பயன்படுத்தினார்கள்.

கட்டணம் வாட்டர் சர்வீஸைப் போலப் பல மடங்கு. செலவிட்ட நேரத்தைப் பார்த்தால் நியாயமே. பெயிண்ட்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் போடச் சொல்லி அவர் வற்புறுத்தியது மட்டும் எனக்கு உவப்பாக இல்லை: அது கழுவுவதை எளிதாக்கும், மணல் கீறுவதைத் தடுத்துவிடாது. தூசு படிந்த காரின் மேல் கவர் மூடுவதும் வேண்டாம் என்றார். காற்றில் கவர் அசையும்போது அதுவே தேய்க்கும். வீடு திரும்பியதும், கிரானைட்டைத் தண்ணீர் விட்டு அறுக்கும்படி பக்கத்து மனை மேஸ்திரியிடம் கேட்டோம், தயங்காமல் ஒப்புக்கொண்டார். அக்கடைக்குப் போவதானால் வார நாளின் காலையில் போவது நல்லது, ஞாயிறன்று கூட்டம் சாலை வரை நிற்கிறது.