டிசைன்ல ஜியோமெட்ரி: பல வருஷம் புழங்கின பிறகும் கைவிடாதது எது

போஸ்டர், லோகோ, புத்தக அட்டைன்னு பல வருஷமா கிராஃபிக் டிசைன்லயே இருக்கேன், இங்க ஜியோமெட்ரின்னு வாயைத் திறந்தாலே கோல்டன் ரேஷியோ சுருளைத்தான் தூக்கிட்டு வருவாங்க, அதனால அதை முதல்ல பேசி முடிச்சிடறேன். கோல்டன் ரேஷியோன்னா 1.618ங்கற விகிதம், அந்த விகிதத்துல விரிஞ்சுட்டே போறதுதான் அந்தச் சுருள், கணக்கா பாத்தா ரொம்ப அழகு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா முடிஞ்சுபோன லோகோ மேல நாலு வட்டம், ஒரு சுருள் வரைஞ்சு வச்சு எல்லாம் எப்படிப் பொருந்துது பாருங்கன்னு காட்டுறத கம்போசிஷன்னு என்னால ஏத்துக்க முடியல. சுருளை எங்க ஆரம்பிக்கணும், எந்த மூலைய கண்டுக்காம விடணும்னு நம்ம இஷ்டத்துக்கு நகர்த்தினா அது எந்தப் படத்துலயும் பொருந்தும். ஹெட்டிங்குக்கும் பாடிக்கும் (கீழ வர்ற முக்கிய எழுத்துக்கும்) ஒரு விகிதம் வேணும்னா அதை எடுத்துக்கலாம், 16 பாயிண்ட் பாடின்னா 26 பாயிண்ட் ஹெட்டிங், நல்லாவே இருக்கும். 1.5 எடுத்து 24 வச்சாலும் நல்லாத்தான் இருக்கும். எடுத்த விகிதத்த கடைசி வரைக்கும் விடாம பிடிக்கறோமாங்கறதுதான் டிசைன்ல தெரியுது.

உண்மையா வேலைக்கு ஆகுறது பேப்பர்லயே இருக்கற ஜியோமெட்ரி. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர், அதாவது 1க்கு ரூட் 2. பாதியா மடிச்சா ஏ5, அதுவும் அதே விகிதம். 1922ல ஜெர்மனில வால்டர் போர்ஸ்ட்மன் இதை ஸ்டாண்டர்டா கொண்டுவந்தார், அதனாலதான் இன்னைக்கு ஏ3 போஸ்டர அப்படியே பாதி நீள அகலத்துக்கு சுருக்கி ஏ5 நோட்டீஸ் எடுத்தா எந்த ஓரமும் வெட்டுப்படறதில்ல. இன்னொரு விஷயம், பக்கத்தோட ஒரு மூலைல இருந்து எதிர் மூலைக்கு குறுக்கா ஒரு கோடு போட்டுக்கோங்க, ஆரம்பிச்ச மூலைல உக்காந்து எதிர் மூலை அந்தக் கோட்டுமேல படுற எந்தப் பெட்டியும் பக்கத்தோட விகிதத்துலயே இருக்கும். போட்டோ பெட்டி, கலர் பிளாக் எல்லாத்தையும் நான் இப்படித்தான் அளவெடுக்கறேன், பக்கமும் பெட்டியும் ஒரே குடும்பம் மாதிரி தெரியும்.

கிரிட், அதாவது பக்கத்த சம அகல காலமா (நெடுக்குப் பத்தியா) பிரிக்கற கட்டம், அதைப் பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல. 12 காலம் ஏன்னா 2, 3, 4, 6 எதால வேணா மிச்சமில்லாம வகுக்கலாம், அவ்வளவுதான் காரணம். ஆனா கிரிட்னாலே டிசைன் செத்துடும்னு சொல்றவங்க சுவிட்சர்லாந்துக்காரர் யோசப் முல்லர்-புரோக்மன் 1955ல செஞ்ச பீத்தோவன் போஸ்டர ஒரு தடவ பாக்கணும். வெறும் வட்ட வில்லுங்க மட்டும்தான், ஆனா வெளிய போகப் போக தடிமன் பெருகிட்டே போற அந்த வேகம் இருக்கே, கண்ணுல இசை கேக்கும்!

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அளவும் கண்ணும் ஒத்துப்போகாத இடம். 100 பிக்சல் சதுரத்துக்குப் பக்கத்துல 100 பிக்சல் வட்டம் வைங்க, வட்டம் சின்னதாத் தெரியும். ஏன்னா அந்த வட்டத்தோட பரப்பு சதுரத்துல 78.5 சதவீதம்தான், மூலைங்க நாலும் இல்லையே. பரப்பு சமமாகணும்னா வட்டம் 113 பிக்சல் வேணும். கூகுளோட மெட்டீரியல் ஐகான் விதிகள்ல 24க்கு 24 கட்டத்துக்குள்ள சதுரத்துக்கு 18, வட்டத்துக்கு 20ன்னு அளவு குடுத்திருக்கறதும் இதே கணக்குக்கு ரொம்பக் கிட்டதான் வருது.

அடுத்து பிளே பட்டன். வட்டத்துக்குள்ள முக்கோணத்த வச்சு சாஃப்ட்வேர்ல சென்டர் அலைன் குடுத்தா அது பெட்டியோட நடுவைத்தான் எடுக்கும், ஆனா முக்கோணத்தோட எடை நடு இடது பக்கம் நிக்கற அடிப்பக்கத்துல இருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துலயே இருக்கு, அதனால மொத்தமும் இடது பக்கம் சாஞ்ச மாதிரி ஒரு உறுத்தல். அகலத்துல ஆறுல ஒரு பங்கு வலது பக்கம் தள்ளுங்க, 60 பிக்சல் முக்கோணம்னா 10 பிக்சல், டக்குனு சரியாயிடும். ஜியோமெட்ரி தோத்துப்போச்சு கண்ணு ஜெயிச்சுதுன்னு இதைச் சொல்றாங்க, நான் ஒத்துக்கமாட்டேன். கண்ணு பிடிச்ச இடமும் ஜியோமெட்ரிதான், பெட்டியோடது இல்ல, உருவத்தோடது.

இதே மாதிரி வளைஞ்ச மூலை உள்ள கார்டுக்குள்ள இன்னொரு கார்டு வைக்கும்போது உள் ரேடியஸோட, ரெண்டு கார்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியக் கூட்டினா வெளி ரேடியஸ், 8ம் 12ம் 20. ரெண்டுக்கும் ஒரே ரேடியஸ் குடுத்தா மூலைல மட்டும் இடைவெளி குண்டாயிடும், இது இன்னமும் நிறைய ஆப்ல கண்ணுல படுது.

ஃபான்ட்லயும் இதே கதைதான். பவுல் ரென்னர் வரைஞ்சு 1927ல வெளிவந்த ஃபியூச்சுரா வட்டமும் முக்கோணமும் சதுரமும் மட்டுமே வச்சு செஞ்ச மாதிரி இருக்கும், ஜூம் பண்ணிப் பாத்தா வளைவு தண்டோட (எழுத்தோட நேர்கோட்டோட) சேர்ற இடத்துல கோட்ட மெலிசாக்கியிருப்பாங்க, வட்ட எழுத்து மத்த எழுத்துங்க நிக்கற மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தாண்டி துளி வெளிய போயிருக்கும். அப்படி விடலன்னா அந்த எழுத்து குள்ளமாத் தெரியும்.

தமிழ் எழுத்துக்கு கிரிட் போடும்போது ஒண்ணு கவனிங்க. லத்தீன் எழுத்துக்குன்னு செஞ்ச வரி இடைவெளி இங்க பத்தாது, மேல கொக்கி போட்ட கீ, வீ, கீழ இறங்கற மு, ழு, இதுங்க அடுத்தடுத்த வரில வந்தா ஒண்ணோட ஒண்ணு முட்டும். நான் ஃபான்ட் அளவுல ஒன்றரை மடங்குக்குக் குறைய வைக்கறதே இல்ல, அதை முதல்ல முடிவு பண்ணிட்டு அந்த வரி உயரத்தையே கிரிட்டோட அடிப்படை அலகா எடுத்துக்குவேன், மார்ஜின், போட்டோ உயரம் எல்லாம் அதோட மடங்குதான். காலமும் குறைவா அகலமா வைக்கறேன், நம்ம வார்த்தைங்க நீளம், ஒடுக்கமான காலத்துல ஜஸ்டிஃபை (ரெண்டு ஓரமும் நேரா வர்ற மாதிரி) குடுத்தா வரிக்கு வரி ஓட்டை விழும்.