சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்: பின்சக்கர இழுவைக்கு மாற்றியபின்

டிரிஃப்ட் (வாலைச் சறுக்கவிட்டு ஓட்டும்) டிராக்குக்காகவே, நான்கு சக்கரத்துக்கும் பவர் போகும் என் மேனுவல் கியர் இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸைப் பின்சக்கர இழுவைக்கு மாற்றினேன், அங்கே ஓட்ட அவ்வளவு பிடித்திருக்கிறது. முன் சக்கரங்களுக்குப் பவரைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டை உருவினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பவரை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் சென்டர் டிஃபரென்ஷியலை லாக் செய்யாவிட்டால் பவரெல்லாம் சும்மா சுற்றும் முன்பக்கத்துக்கே போய்விடும், வண்டி சரியாக நகராது. அப்புறம் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட் மட்டும் சக்கரம் மாட்டும் ஹப்பிலேயே இருக்க வேண்டும், வீல் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே அதுதான். ஸ்டியரிங் நன்றாக லேசாகிவிட்டது. ஆனால் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் பின்பக்கம் எடை குறைவு, ஈரத்தில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே வால் ஆடுகிறது. இனி பவரெல்லாம் பின்னால்தான் என்பதால், பழைய ஆர்160 பின் டிஃபரென்ஷியலை நம்பாமல், இதே காரின் அதிக பவர் மாடலான எஸ்டிஐயின் வலுவான ஆர்180ஐ, அதற்கேற்ற ஆக்ஸிலோடு போட்டுவிடுங்கள். மழைச் சாலையில் தினமும் ஓட்டும் வண்டி என்றால் கைவைக்கவே வேண்டாம்.