அல்வாவா, முந்திரிக்கொத்தா?

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்படுத்துவதுதான் சீலியாக் நோய். அது உள்ள மகளுக்குத் தீபாவளிக்கு எதைக் கொடுப்பது? எங்கள் திருநெல்வேலி அல்வா, சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கிண்டுவது. குளூட்டனும் அந்தப் பாலோடு இறங்கிவிடும். எவ்வளவு நேரம் கிண்டினாலும் போகாது. “ஒரு விள்ளல்தானே” என்று ஆச்சி ஆசையாக நீட்டினாலும் வேண்டாம். வயிறு வலிக்காவிட்டாலும் சிறுகுடல் புண்படும்.

முந்திரிக்கொத்து அப்படியில்லை. வறுத்த பாசிப்பயற்று மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய், மேலே அரிசிமாவுக் கரைசல். ஆனால் கடையில் வாங்கினால் கரைசலில் மைதா சேர்ந்திருக்கலாம், பூரி பொரித்த எண்ணெயாகவும் இருக்கலாம். அதனால் வீட்டில், புது எண்ணெயில் சுடுவதுதான் எனக்குச் சரி. பயற்றை மில்லில் திரிக்காமல் மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள்; மில்லில் முன்னால் கோதுமை அரைபட்டிருக்கும்.

அப்புறம், சந்தேகம் மட்டும் உள்ளவர்கள் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் நோய் தெரியாமல் போகலாம்.