குறைமாதக் குழந்தைக்கு இரும்புச்சத்து: ராகிப் பாலா, பவுடர் பாலா, சொட்டு மருந்தா?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே ராகி விளையும் மண். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இரும்புச்சத்து வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், பாட்டிமார் முளைகட்டிய ராகியைத்தான் எடுப்பார்கள்.

ராகியின் பலம் கால்சியம். இரும்பும் உண்டு, ஆனால் ராகியிலேயே இருக்கும் ஃபைட்டேட், டானின் என்ற பொருட்கள் அந்த இரும்பை உடம்பில் அதிகம் சேர விடாது. அதோடு ஆறு மாதத்துக்கு முன் ராகிப் பால் கொடுக்கவே கூடாது. இந்தக் குழந்தைகளின் இரும்பு இருப்போ அதற்குள் தீர்ந்துவிடும். கருவுக்குப் பெரும்பாலான இரும்பு கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து வருகிறது. முன்னதாகப் பிறந்தால் அந்த வரவு பாதியில் நின்றுபோகும். அம்மா முருங்கைக்கீரை சாப்பிட்டால்? அவருக்கு நல்லது, ஆனால் தாய்ப்பாலில் இரும்பின் அளவு அதனால் ஏறாது. லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.

இரும்பு சேர்த்த பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் தனியாகச் சொட்டு மருந்து தேவைப்படாது. அது ஒன்றுதான் அதன் சாதகம். டப்பா விலை ஒருபுறம் இருக்கட்டும், குறைமாதக் குழந்தைக்குக் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து தாய்ப்பாலைவிட இதில் அதிகம்.

ஆக, என் ஓட்டு தாய்ப்பாலோடு சொட்டு மருந்துக்கு. ஒன்றரை கிலோவுக்குக் குறைந்து பிறந்து தாய்ப்பால் குடிப்பவர்களுக்கு, இரண்டு வார வயதிலிருந்து ஆறு மாதம் வரை தினமும் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 மி.கி. இரும்பு என்பது உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்ன அளவு. ஸ்வீடனில் 2 முதல் 2.5 கிலோவுக்குள் பிறந்தவர்களுக்கு ஆறு வார வயதிலிருந்து இரும்பு கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றரை வயதில் அவர்களிடம் நடத்தைப் பிரச்சினைகள் குறைவாக இருந்தன.

கடையில் இரண்டு வகைச் சொட்டு மருந்து கிடைக்கும். பெர்ரஸ் உப்புகள் (சல்பேட், அஸ்கார்பேட்) நன்றாக உடம்பில் சேரும். வாயில் உலோக ருசி, மலம் கறுக்கும். மலம் கறுப்பதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். இன்னொரு வகையான இரும்பு பாலிமால்டோஸ் ருசியில் பரவாயில்லை, ஆனால் அது உடம்பில் சேர்வது குறைவு. நான் பெர்ரஸ் பக்கம்தான்.

வகையைவிட முக்கியம் லேபிள். ஒரு மி.லி.யில் 10 மி.கி. இரும்புள்ள பாட்டிலும் உண்டு, 50 மி.கி. உள்ளதும் உண்டு. 2 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என்றால் 4 மி.கி. முதல் பாட்டிலில் அது 0.4 மி.லி. மருந்துக்கடையில் பாட்டிலை மாற்றிக் கொடுத்து, அதே 0.4 மி.லி.யை ஊற்றினால் 20 மி.கி., அதாவது ஐந்து மடங்கு போய்விடும். புது பாட்டில் வாங்கினால் எத்தனை மி.லி. என்பதை மறுபடி டாக்டரிடம் கேளுங்கள். எடை ஏற ஏற அளவும் மாறும்.

அரசு கொடுக்கும் வாரம் இருமுறை சிரப் ஒரு மி.லி.யில் 20 மி.கி. இரும்பு கொண்டது. அது ஆறு மாதம் முடிந்தவர்களுக்கு. அதுவரை தினசரிச் சொட்டுக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது. அப்புறம், மருத்துவமனையில் பலமுறை ரத்தம் ஏற்றிய குழந்தையா? அந்த ரத்தத்தோடு இரும்பும் உடம்புக்குள் போயிருக்கும். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, எப்போது தொடங்கலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.